பொழுது சாய்ந்தால்தான் படம்

ஜூலை 10, வியாழன்: கேம்டன், ரிவர்ட்டன்

காரில் உட்கார்ந்தபடியே திறந்தவெளியில் படம் பார்க்கும் டிரைவ்-இன் திரையரங்கு பிறந்த மண், நியூ ஜெர்சி மாநிலத்தில் கேம்டன் நகரை ஒட்டியிருக்கும் பென்சாக்கன். நாங்கள் குடியிருக்கும் எடிசனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான் என்றாலும் இத்தனை ஆண்டுகளில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அப்பா, இளவயதில் கிராமத்து டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்தவர். வயலுக்கு நடுவில் திரை எழுப்பி, கார்களை வரிசையாக நிறுத்திப் படம் காட்டும் அரங்குகள் இந்த நாட்டில் இன்னமும் ஓடுகின்றன என்று பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து அவர் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். மூட்டுவலி என்று அம்மா தங்கை வீட்டிலேயே இருந்துகொண்டார். என் கணவர், பையன், அப்பா, நான் என்று கிளம்பிவிட்டோம்.

காலை பதினொரு மணிக்கே பாரன்ஹீட் கணக்கில் 93 டிகிரி. புழுக்கம் சென்னையின் மே மாதத்துக்குச் சற்றும் குறைந்ததாக இல்லை. 1933 ஜூன் 6 அன்று ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் தம் அரங்கைத் திறந்த பகுதி, இன்று கார்கள் சீறிப் பாயும் அகன்ற சாலைகளும் கடைகளுமாக இருக்கிறது. அரங்கை நினைவூட்டும் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், ஒரு காரில் எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் இல்லை என்பது அன்றைய கட்டணம். குழந்தைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் குடும்பத்தோடு வரலாம் என்பதுதான் விளம்பரம். பொருளாதார மந்தத்தின் மிக மோசமான ஆண்டில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு நகரத்து அரங்குக்குப் போகவும் வசதியில்லாத குடும்பங்களுக்கு அந்த ஒரு வாசகம் எவ்வளவு பெரிய அழைப்பாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அங்கிருந்து சில மைல் தொலைவில், டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கிறது ரிவர்ட்டன். மரங்கள் கவிந்த தெருக்கள், அகலமான திண்ணை வைத்த பழைய வீடுகள். வாகனங்களுக்கான மெருகு, எண்ணெய் வகைகளைத் தயாரித்த தந்தையின் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹாலிங்ஸ்ஹெட், இந்த ஊரில் தம் வீட்டு வாசலில்தான் சோதனைகளைச் செய்தார். காரின் முன்மூடி மேல் ஒரு கோடாக் புரொஜெக்டரை வைத்து, இரண்டு மரங்களுக்கு இடையே துணியைக் கட்டி, திரைக்குப் பின்னால் ஒரு வானொலிப் பெட்டியை ஒலிக்க வைத்தார். மழை பெய்தால் எப்படித் தெரியும் என்று பார்க்க, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் காரின் மேல் திருப்பிவிட்டார். உடல் பருத்த அவருடைய தாயாருக்கு அரங்க இருக்கைகள் வசதிப்படாததால்தான் இந்த யோசனையே பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "முன்னாடி நிக்கிற வண்டி பின்னாடி இருக்கறவனுக்கு மறைக்காதா கண்ணு?" என்பதுதான். ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமையே அந்தக் கேள்விக்கான விடைதான். முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து வைத்துப் பார்த்து, ஒவ்வொரு வரிசைக்கும் தரையை எந்த அளவு மேடாக்கினால் காரின் மூக்கு நிமிர்ந்து, முன் காரின் கூரைக்கு மேலாகத் திரை தெரியும் என்று அவர் கணக்கிட்டார். 1933 மே மாதம் கிடைத்த அந்தக் காப்புரிமையைப் பின்னாளில் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. அதற்குள் நாடு முழுவதும் அந்த மேடுகள் எழும்பிவிட்டன.

இரவு தங்கப் போன விடுதியில் எங்கள் பெயருக்கு அறையே இல்லை என்றார்கள். எங்களிடம் இருந்த உறுதிச் சீட்டில் சரியான தேதி இருந்தும் அவர்கள் கணக்கில் அடுத்த மாதத்துக்குப் பதிந்திருந்தது. முக்கால் மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, 40 டாலர் கூடுதலாகக் கொடுத்து, ஓலமிடும் ஏசி உள்ள ஓர் அறையில் நால்வரும் படுத்தோம்.

ஜூலை 11, வெள்ளி: ஹாமண்டன், வைன்லாந்து

வழியில் ஹாமண்டன். உலகின் அவுரிநெல்லி (புளூபெரி)த் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் சிற்றூர். ஜூலை மாதம் பறிப்புக் காலம் என்பதால் சாலையோரம் தோட்டத்துக்காரர்களின் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில் ஆளே இல்லை. பழக்கூடைகளும், விலை 4 டாலர் என்று எழுதிய அட்டையும், பணம் போட ஒரு தகரப் பெட்டியும் மட்டும் இருந்தன. அப்பா அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தம் சட்டைப் பையிலிருந்தே பணத்தை எடுத்துப் போட்டார். தோட்டத்திலிருந்து நேராக வந்த பழத்துக்கு, பேரங்காடிப் பழத்தில் காணாத புளிப்பும் மணமும் இருந்தன. வைன்லாந்து போய்ச் சேர்வதற்குள் கூடை காலியாகிவிட்டது.

வைன்லாந்தில் இருக்கும் டெல்சி டிரைவ்-இன், இந்த மாநிலத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே டிரைவ்-இன். 1949-ல் திறந்து, 1987-ல் மூடி, புதர் மண்டிக் கிடந்து, 2004-ல் மறுபடி உயிர்பெற்றது. இந்தக் கலை பிறந்த மாநிலத்திலேயே ஒன்றுதான் மிச்சம் என்பதைக் கேட்டபோது மனம் வலித்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் 4,000-க்கும் மேற்பட்ட டிரைவ்-இன்கள் இருந்தன. இன்று ஏறக்குறைய 300.

ஏழு மணிக்கே உள்ளே போய்விட்டோம். படம் இருட்டிய பிறகுதான் என்றாலும் அந்நேரத்துக்கே பாதி இடம் நிறைந்திருந்தது. பிக்கப் வண்டிகள் பின்பக்கத்தைத் திரைக்குக் காட்டி நின்றன. அவற்றின் தட்டில் மெத்தை, தலையணை, போர்வை. பிள்ளைகள் இரவு உடுப்போடு ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காரில் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், அப்பா வெறும் தரையில் உட்காரப் போனதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். சின்ன வயதில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா எங்களைக் குளிப்பாட்டி, இரவு உடுப்பை மாட்டித்தான் காரில் ஏற்றுவாள், முதல் படம் பாதியில் தூங்கிவிடுவோம், காலையில் எங்கள் கட்டிலில் கண் விழிப்போம், நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாது என்று சொன்னார். என்ன படங்கள் பார்த்தீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தம் அப்பா ஓட்டிய காரின் இருக்கைத் துணி முழங்கால் பின்புறம் உறுத்தியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சென்னையில் படித்த காலத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இஞ்சம்பாக்கத்தில் இருந்த பிரார்த்தனா டிரைவ்-இன்னுக்குத் தோழியின் குடும்பத்தோடு அவர்கள் வேனில் போயிருக்கிறேன். பாயை விரித்து வண்டிக்கு முன்னால் உட்கார்ந்ததும், தோழியின் அத்தை கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், கடற்காற்றில் முகமெல்லாம் பிசுபிசுத்ததும் நேற்று நடந்ததுபோல் இருக்கின்றன. திரையில் ஓடியது எந்தப் படம் என்று யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

படம் தொடங்கிச் சரியாக முக்கால் மணி நேரத்தில் இடியோடு மழை கொட்டியது. எல்லோரும் காருக்குள் புகுந்துகொண்டோம். அரங்குக்காரர்கள் படத்தை நிறுத்தவில்லை. டிரைவ்-இன்களில் மழைக்காக நிறுத்தும் வழக்கம் இல்லை. ஒலி பண்பலை வானொலி வழியாகக் காருக்குள்ளேயே வருவதால் வசனம் தெளிவாகக் கேட்டது. கண்ணாடிதான் எங்கள் மூச்சுக்காற்றில் மூடிக்கொண்டே வந்தது. என் கணவர் ஒரு துணியால் துடைப்பதும், துடைப்பானை ஒருமுறை ஓடவிடுவதும், பையன் கைதட்டுவதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. மழையில் கரைந்து கரைந்து தெரிந்த அந்தப் படத்தை நான் ரசித்த அளவுக்கு, குளிரூட்டிய அரங்கில் எதையும் ரசித்ததில்லை. தின்பண்டக் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவலுக்கு வினிகர் தெளித்துச் சாப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அப்பாவுக்கு அது பிடித்துப்போய் இரண்டாவது பொட்டலமும் வாங்க வேண்டியதாயிற்று.

ஜூலை 12, சனி: லீஹைட்டன்

மழை கழுவிவிட்ட காலை. பென்சில்வேனியாவுக்குள் நுழைந்து வடக்கே ஏற ஏற மலைகள் கிட்டே வந்தன. மலையைக் குடைந்த சுரங்கப் பாதையைத் தாண்டியதும் காற்றில் குளிர்ச்சி. லீஹைட்டனில் ஒரு சிறிய உணவகத்தில் பியரோகி சாப்பிட்டோம். நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்ய வந்த கிழக்கு ஐரோப்பியக் குடும்பங்கள் கொண்டுவந்து சேர்த்த பண்டம் அது. கொழுக்கட்டைக்குள் பூரணத்துக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்ததுபோல் இருந்தது. வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தை மேலே கொட்டி, ஆறு உருப்படி 9 டாலர். பரிமாறிய அம்மாள், நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றதும், சமையற்கட்டுக்குள் போய் எந்தச் சட்டியில் பொரிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்து, தனிச் சட்டியில் செய்து கொடுத்தார். டிரைவ்-இன் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. தம் அண்ணன்மார் இருவரைக் காரின் டிக்கியில் ஒளித்து உள்ளே கொண்டுபோன கதையைச் சொன்னார். டிக்கெட் கொடுப்பவருக்கு அது தெரியும், அவரும் சின்ன வயதில் அதைச் செய்தவர்தானே, என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தப் பயணத்தில் எதற்காகவாவது மறுபடி வருவேன் என்றால் அது மஹோனிங் டிரைவ்-இன்னுக்காகத்தான். 1949-லிருந்து இருக்கும் அரங்கு. ஒரே ஒரு மாபெரும் திரை. 2010-களின் தொடக்கத்தில் படநிறுவனங்கள் பிலிம் சுருளைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது, புதிய புரொஜெக்டருக்குத் திரை ஒன்றுக்கு 70,000 டாலருக்கு மேல் செலவாயிற்று. கோடைக்காலத்தில் மட்டும் ஓடும் சிறு அரங்குகளால் அதைத் தாங்க முடியவில்லை. பல அதோடு மூடிவிட்டன. மஹோனிங்கை நடத்தியவர்கள் புதிய படங்களையே வேண்டாம் என்று முடிவெடுத்து, பழைய படங்களை 35 மில்லிமீட்டர் பிலிமிலேயே, பழைய எந்திரங்களிலேயே காட்டத் தொடங்கினார்கள். பிழைக்காது என்று பலரும் நினைத்த இடத்துக்கு இன்று பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் போன மாலையிலும் தொலைதூர மாநிலங்களின் எண் பலகைகளைக் கண்டோம். சிலர் கூடாரத்தோடு வந்திருந்தார்கள். ஐம்பது வயதுக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த பழைய படத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு சிறுபிள்ளைகளாகத் திரிந்தார்கள்.

அப்பா காரை விட்டு இறங்கியதும் திரையைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, மைதானத்தின் நடுவே தாழ்வாக இருந்த கட்டடத்தைப் பார்த்தார். "கேபின் அங்க இருக்குது" என்றார். புரொஜெக்டர் அறையை அவர் எந்நாளும் கேபின் என்றுதான் சொல்லுவார்.

பொழுதிருக்கையில் அங்கே போய் வாசலில் நின்றோம். என் தந்தை தமிழ்நாட்டில் பிலிம் ஓட்டியவர் என்று மட்டும் சொன்னேன். உள்ளே இருந்தவர் வேறெதுவும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார். பச்சைச் சாயம் தேய்ந்த இரண்டு எந்திரங்கள் அருகருகே நின்றன. பிலிமுக்கே உரிய அந்தக் காடி வாசனை அறையில் மெலிதாக இருந்தது. அப்பா எதையும் தொடவில்லை. பிலிம் மேலிருந்து இறங்கி, பல்சக்கரத்தில் ஏறி, ஒளி விழும் சன்னல் வழியாகச் சென்று கீழே சுற்றிக்கொள்ளும் பாதையை ஒரு விரலால் காற்றிலேயே வரைந்துகொண்டு வந்தார். ஓரிடத்தில் விரலை நிறுத்தி, சிறிய வளையம் ஒன்றைக் காட்டி, ஆங்கிலத்தில் "லூப்" என்றார். அங்கே பிலிமைத் தொய்வாக விடாவிட்டால் படம் நடுங்கும், இன்னும் இறுகினால் அறுந்துபோகும். அந்த மனிதர் தலையாட்டி, அறுவதுபோல் கைகளால் அபிநயித்தார். அதன்பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. மேசையில் கிடந்த ஒட்டுப்போட்ட துண்டு ஒன்றை அவர் நீட்ட, அப்பா அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விளிம்பில் மட்டும் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். படம் பதிந்த பகுதியில் விரல் படக்கூடாது என்பதற்காக மற்ற மூன்று விரல்களும் விறைத்து நின்றன. அந்தக் கையைப் பிலிம் தொடாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

வெளியே வந்து புல்லில் உட்கார்ந்ததும் பையன் கேட்டான், "அப்புச்சி, உங்க தியேட்டரும் இப்படித்தான் இருந்துச்சா?" அப்பா இந்தப் பயணத்திலேயே அதிகமாகப் பேசியது அப்போதுதான். டூரிங் டாக்கீஸ் என்பது கூரை வேய்ந்த கொட்டகை, பக்கமெல்லாம் திறந்து கிடக்கும், அதனால் பகலில் காட்ட முடியாது, முதல் ஆட்டமே பொழுது சாய்ந்த பிறகுதான். ஆட்டம் தொடங்கப்போகிறது என்பதற்கு அடையாளமாக ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ரெக்கார்டு போடுவார்கள். அது காதில் விழுந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு சனங்கள் வருவார்கள். தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரே எந்திரம் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் கடலை உருண்டையும் அந்த இடைவேளைகளில்தான் விற்றுத் தீரும். விளக்குக்கு இரண்டு கார்பன் குச்சிகள், எரிய எரியத் தேயும், ஆப்பரேட்டர் அவற்றின் இடைவெளியைக் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், அயர்ந்துவிட்டால் திரை மங்கும், கொட்டகை முழுக்க விசில் பறக்கும். பையன் வாய்திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். மணலைக் குவிப்பது என்றதும், ஹாலிங்ஸ்ஹெட்டின் மேடும் நம் தரை டிக்கெட்டுக்காரனின் மணல்மேடும் ஒரே கணக்குத்தான் என்று என் கணவர் சொன்னது உண்மை.

ஒன்பதைத் தாண்டியதும் வானத்தின் கடைசி வெளிச்சம் வடிந்தது. மைதானத்தின் ஓரப் புல்வெளியில் மின்மினிகள் எழும்பின. இந்த மாநிலத்துக்கு அதிகாரப்பூர்வப் பூச்சியே மின்மினிதான். முதலில் பழைய காலத்து இடைவேளைத் துண்டுப் படங்கள் ஓடின. தின்பண்டங்கள் கைகால் முளைத்து ஆடும் அந்தத் துண்டுகளுக்குக் கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒரு காலத்தில் டிரைவ்-இன் கடைகளில் கொசுவத்திச் சுருள்கூட விற்றார்கள், அதற்கும் திரையில் விளம்பரம் உண்டு. எங்களுக்கு அன்று அதுதான் தேவையாக இருந்தது. பின்னிருக்கையில் தூங்கிய பையனின் காலெல்லாம் மறுநாள் தடிப்பு.

படம் ஓடுகையில் அப்பா கதையைக் கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. திரையின் வலது மேல் மூலையிலேயே அவர் கண் இருந்தது. ரீல் முடியும் தறுவாயில் அங்கே சிறு வட்டப் புள்ளி ஒன்று கண் இமைக்கும் நேரம் தோன்றி மறையும். இரண்டு எந்திரங்கள் உள்ள நகரத்து அரங்கில் சில காலம் வேலை பார்த்தபோது அவர் பழகியது அது. முதல் புள்ளியைக் கண்டதும் அடுத்த எந்திரத்தின் மோட்டாரை ஓடவிட வேண்டும், ஏழெட்டு விநாடியில் இரண்டாவது புள்ளி வந்ததும் ஒளியை மாற்ற வேண்டும். "இப்ப" என்று என் கையைத் தட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி "இப்ப" என்றார். அந்த முறை பார்த்துவிட்டேன். இத்தனை ஆண்டுகள் பிலிமில் படம் பார்த்து வளர்ந்தவள் நான், என் தந்தையின் வேலை திரையின் மூலையில் அப்படித் தெரிந்துகொண்டிருந்ததை நாற்பத்து மூன்று வயதில்தான் பார்க்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு: ஓர்ஃபீல்ட்

இரண்டு இரவு தூக்கம் கெட்டதில் எல்லோருக்கும் அசதி. மதியம் வரை விடுதியிலேயே கிடந்தோம். பக்கத்து ஊரான ஜிம் தார்ப்பின் மலைச்சரிவுத் தெருவில் ஒரு நடை நடந்து, ஆளுக்கு 5 டாலர் கொடுத்து ஐஸ்கிரீம் சாப்பிட்டதோடு பகல் முடிந்தது.

மாலையில் அலென்டவுன் நகருக்கு அருகே ஓர்ஃபீல்டில் உள்ள ஷாங்க்வைலர்ஸ். 1934 ஏப்ரலில் தொடங்கி இன்றும் ஓடும் இதுதான் அமெரிக்காவிலேயே மிகப் பழைய டிரைவ்-இன். கேம்டன் அரங்குக்கு அடுத்த ஆண்டே, விடுதி நடத்திவந்த வில்சன் ஷாங்க்வைலர் என்பவர் தம் நிலத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய துணிதான் திரை. 1955-ல் டயேன் புயல் அரங்கைச் சேதப்படுத்திய பிறகு திருத்திக் கட்டினார்கள். 300 கார்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொள்ளும், பார்த்தால் பழமை தெரியாத, அடக்கமான இடம். ஆரம்பக்கால டிரைவ்-இன்களில் திரைப் பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்துதான் சத்தம் வரும். பின்வரிசைக்குத் தாமதமாகவும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தொல்லையாகவும் அது போய்ச் சேரும். 1940-களில்தான் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி பரவியது.

அந்தச் சின்ன ஒலிபெருக்கி ஒன்றை நேரில் காட்டியவர் எங்களுக்கு அடுத்த வண்டிக்காரர். பெத்லகேம் எஃகு ஆலையில் உலை அணையும் வரை வேலை பார்த்தவர். வேறோர் ஊரில் இடித்த டிரைவ்-இன்னிலிருந்து வாங்கி வைத்திருக்கிறார், கம்பி எதுவும் கிடையாது, ஆனாலும் படம் பார்க்க வரும்போது கண்ணாடியில் மாட்டிவிடுவார். இரண்டு உள்ளங்கை அளவு, ஈயநிற வார்ப்பு, முகப்பில் மீன் செவுள் போன்ற வரிக்கீற்றுகள், கீழே ஒரே ஒரு குமிழ். பின்புறக் கொக்கியில் தடவிப் பார்த்தால், எண்ணற்ற கண்ணாடிகளின் விளிம்பில் உரசி உரசி வழவழப்பான பள்ளம் ஒன்று தட்டுப்பட்டது. படம் முடிந்த தூக்கக் கலக்கத்தில் இதைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்து, கம்பியை அறுத்துக்கொண்டு வீடு போய்ச் சேராத ஆளே அந்தக் காலத்தில் இல்லை என்றார். மாலைநேர வேலை முடித்த நண்பர்கள் ஆலைக் கரியோடு நேரே இரண்டாவது படத்துக்கு வருவார்களாம். உள்ளரங்குக்கு அந்தக் கோலத்தில் போயிருக்க முடியாது, இங்கே யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்த்ததில்லை என்று சொன்னார். படம் என்னவென்று அவரிடமும் கேட்டேன். குதிரைகள் வந்தன என்றார்.

எட்டு மணிக்குப் பையன் பொறுமை இழந்து, ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று நச்சரித்தான். இந்தக் காத்திருப்புதான் இந்தத் தொழிலைச் சாய்த்த காரணங்களில் ஒன்று. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் வழக்கத்தை 1966-ல் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியபோது, இருட்டும் நேரமும் அவ்வளவு தள்ளிப்போயிற்று. வேலைநாளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதினொன்றரை வரை யாரால் உட்கார முடியும்? ஊர் விரிந்து நிலத்தின் விலை ஏறியபோது, ஆண்டில் பாதி நாள் மட்டும், அதுவும் இரவில் மட்டும் வருமானம் தரும் பத்துப் பதினைந்து ஏக்கர் நிலத்தில் கடைத்தொகுதி கட்டுவதே ஆதாயம் என்று பலர் விற்றுவிட்டார்கள். வீடியோ நாடாவும், பல திரை அரங்குகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 2020-ல் உள்ளரங்குகள் அனைத்தும் பூட்டிக் கிடந்தபோது மட்டும், மிஞ்சியிருந்த டிரைவ்-இன்களின் வாசலில் கார்கள் மறுபடி வரிசை கட்டின.

ஆனால் நான் இங்கே விசாரித்த ஒவ்வொருவரும் பாசத்தோடு நினைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்பைத்தான். திரைக்கடியில் ஊஞ்சல் ஆடியது, பந்து எறிந்தது, அடுத்த காரின் குழந்தையோடு சண்டை போட்டது, முதல் நட்சத்திரத்தைக் கண்டதும் பிள்ளைகள் கூச்சலிட்டுக் கார்களுக்கு ஓடியது. இன்றும் அதுவே நடந்தது. யாரோ முன்பின் தெரியாத சிறுவர்களோடு பையன் ஒரு மணி நேரம் தட்டு எறிந்து விளையாடினான். அப்பாவும் எஃகு ஆலைக்காரரும் பொதுமொழி இல்லாமலே அந்த ஒலிபெருக்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். நுழைவுக் கட்டணமாக ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் கொடுத்ததில் பாதியாவது இந்த ஒன்றரை மணி நேரத்துக்கே சரியாகப் போயிற்று என்பது என் கணக்கு.

இரண்டாவது படமும் முடிந்து கிளம்பும்போது மணி ஒன்று. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு வண்டி உயிர் பெறவில்லை. நான்கு மணி நேரம் வானொலி ஓடியதில் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். ஒலியெழுப்பி எரிச்சல் காட்ட யாரும் இல்லை. எஃகு ஆலைக்காரர் கம்பிகளோடு வந்தார், ஊழியர் ஒருவர் கைவிளக்கோடு வந்தார், என் கணவர் முன்மூடியைத் தூக்கிப் பிடித்தார். பத்து நிமிடத்தில் வண்டி புறப்பட்டது. விலகி வழிவிட்ட பின்வரிசைக் கார்களும் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அப்பா, அந்தப் புள்ளி வைத்த படக்காரர்கள், அதாவது மஹோனிங்காரர்கள், அடுத்த சனிக்கிழமை என்ன படம் போடுகிறார்கள் என்று கைபேசியில் பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். படத்தின் பெயரை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், உட்கார நல்ல நாற்காலி ஒன்று மட்டும் வாங்கிவிடு மாப்பிள்ளை என்று முன்னிருக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எவ்வளவு ஆகும் என்று கேட்டார். 35 டாலர் ஆகும் என்று என் கணவர் சொன்னதும், இரண்டாக வாங்கிவிடச் சொன்னார்.